ஒரு பைக்கற் விதை, ஒன்பது வீடு: ஒழுங்கைக்குள் தக்காளிப் போட்டி வைப்பது எப்படி

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒன்பது வீடும் சேர்ந்து மாரிக்கு மாரி ஒரு தக்காளிப் போட்டி வைக்கிறோம். தொடங்கியது 2022 கடைசியில். அந்த வருடத்தைப் பற்றி இலங்கையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, சந்தைக்குப் போய் மரக்கறி விலையைக் கேட்டுவிட்டு அரைப்பையோடு திரும்பி வந்த நாட்கள், அதற்கு முதல் வருடம்தான் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி வயல்காரரை எல்லாம் தவிக்க விட்டிருந்தார்கள். அந்த நேரம் சும்மா கிடந்த வளவில் எல்லாரும் எதையாவது நட்டார்கள். மிளகாய் வந்தது, கத்தரி வந்தது, பயிற்றை வந்தது, தக்காளி மட்டும் ஒருவருக்கும் ஒழுங்காக வரவில்லை. அதில் இருந்துதான் போட்டி பிறந்தது.

இப்போது சாம்பல்தீவிலும் பாலையூற்றிலும் இருக்கிற சிநேகிதர்கள் "நாங்களும் எங்கட பக்கம் வைக்கப்போறம், என்னென்ன செய்யவேணும் எண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்கிறார்கள். மூன்று மாரியில் நாங்கள் பட்டதையும் படித்ததையும் இதில் எழுதுகிறேன். கடற்கரை மணலுக்கும் திருகோணமலை வெயிலுக்கும் ஏற்ற மாதிரித்தான் எழுதுகிறேன், நுவரெலியாவில் இருக்கிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலாவது விசயம், எல்லாரும் ஒரே பைக்கற்றில் இருந்து விதை எடுக்கவேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் முதல் வருடம். அந்த முறை அவரவர் விருப்பப்படி விதை, அவரவர் விருப்பப்படி நாள். ஒருவர் பூ வந்த கன்றையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார், இன்னொரு வீட்டில் கோலிக்குண்டு அளவு செரித் தக்காளி, இன்னொருவருக்கு வெளிநாட்டில் இருந்து மகள் அனுப்பிய பெரிய இன விதை. கடைசியில் நிறுக்கும்போது எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் வாக்குவாதம் வந்து, இரண்டு வீட்டுக்காரர் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. பழத்தின் அளவில் பெரிய பங்கு விதையுடையது. 2014இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு தனிப்பழம் 3.81 கிலோ நிறுத்தது. அப்படிப்பட்ட பழத்துக்கு இனமும் வேறு, பூவும் வேறு, பல பூக்கள் ஒன்றாக ஒட்டிப் பிறந்த பூவில் இருந்துதான் அந்தப் பூதப் பழம் வருகிறது. நம்மூர் இனங்களில் ஒரு பழம் 100 கிராம் வந்தாலே நல்ல பழம். ஆகவே "யாருடைய பழம் பெரிது" என்று போட்டி வைக்காதீர்கள், அது விதை வாங்கியவருக்குள் நடக்கிற போட்டி. ஒரு கன்று மொத்தமாகத் தந்த நிறையையும், அதோடு ருசியையும் பாருங்கள். அப்போதுதான் கையும் கவனமும் தெரியும்.

எங்களுடைய சட்டம் இவ்வளவுதான். விதை ஒன்று, போடும் நாள் ஒன்று, வாளியின் அளவு ஒன்று. மண், தண்ணீர், பசளை எல்லாம் அவரவர் பாடு, ஆனால் என்ன போட்டோம், எப்போது போட்டோம் என்று கொப்பியில் எழுதவேண்டும். கொப்பி இல்லாத கன்று போட்டியில் இல்லை. இது கடுமையாகத் தெரியலாம், ஆனால் அந்த ஒன்பது கொப்பியையும் கடைசியில் ஒன்றாக விரித்து வைத்து வாசிக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் நாங்கள் தக்காளி படித்தோம், வேறு எங்கேயும் இல்லை.

இனத்தைப் பற்றி. விவசாயத் திணைக்களம் வெளியிட்டவற்றில் திலீன, மகேஷி, டி-245 போன்ற பெயர்கள் காதில் விழும். நாங்கள் திலீன எடுக்கிறோம், குட்டையாக நின்று கிட்டத்தட்ட ஒரே காலத்தில் காய்க்கிறது, வாளிக்குத் தோதானது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், உங்கள் மண்ணையும் அங்கே வருகிற வாடல் நோயையும் அறிந்தவர் அவர். ஒரு கிராமில் 300 விதை அளவு இருக்கும், ஆகவே சின்னப் பைக்கற் ஒன்றே முழு ஒழுங்கைக்கும் காணும். கலப்பின விதை என்று எழுதியிருந்தால் நன்றாகக் காய்க்கும், ஆனால் அதன் பழத்தில் இருந்து எடுக்கிற விதை தாயைப்போல வராது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, நாள். இங்கே தக்காளிக்கு எதிரி வெயில். பகல் 32 பாகைக்கு மேலே போய் இரவும் குளிராமல் இருந்தால் மகரந்தம் பழுதாகிப் பூ காம்போடு உதிர்ந்துவிடும். ஆனி ஆடியில் 34, 35 பாகை வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது கன்று பச்சைப்பசேல் என்று நிற்கும், காய் மட்டும் பிடிக்காது. பலர் "எனக்குக் கைராசி இல்லை" என்று விடுவது இந்த மாதங்களில்தான். கைராசி ஒன்றும் இல்லை, மாதம் பிழை. தை மாதத்தில் இங்கே பகல் 28 பாகை அளவில் நிற்கும், காற்றும் குளிராக இருக்கும், பூ அந்த நேரத்தில் வரவேண்டும். அதில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கந்தசஷ்டி முடிந்த கிழமை விதை போடுகிறோம், 25 நாள் அளவில் வாளிக்கு மாற்றுகிறோம், தைப்பொங்கலை ஒட்டிப் பூக்கிறது, சிவராத்திரி கழிந்து கோணேசர் நகர்வலம் வருகிற நாட்களில் முதல் பழம் சிவக்கத் தொடங்கும். மார்ச் 31 கடைசி நாள். அதற்குப் பிறகு பழுப்பது கணக்கில் இல்லை.

இந்தத் திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. விதை போடும் நேரமும் கன்று மாற்றும் நேரமும் சரியாக அடைமழைக் காலம். நிலத்தில் நட்டால் ஒரு இரவு மழையில் பாத்தி குளமாகிவிடும், புயல் வந்தால் சொல்லவே வேண்டாம், 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கேதான் கரை ஏறியது. அதனால்தான் வாளி. காற்று என்றால் தூக்கி விறாந்தைக்குள் வைத்துவிடலாம்.

நாற்றுக்கு யோகட் கோப்பை போதும். அடியில் மூன்று ஓட்டை போட்டு, மணலும் நன்றாக மக்கிய கூட்டெருவும் சரிபாதி கலந்து நிரப்பி, நிரப்பிய மண்ணில் கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். இந்தக் கொதிநீர் வேலையைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், முளைத்து இரண்டு அங்குலம் வந்த கன்று நிலமட்டத்தில் நூல்போல மெலிந்து படுத்துவிடுகிற நாற்றழுகல் மண்ணில் இருந்துதான் வருகிறது. விதையை அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் வையுங்கள், கோப்பைக்கு இரண்டு. ஐந்து நாளில் இருந்து எட்டு நாளுக்குள் தலை காட்டும். மழை படாத ஆனால் வெளிச்சம் படுகிற இடம் வேண்டும். வீட்டுக்குள் இருட்டில் வைத்தால் வெளிச்சம் தேடி நெடுநெடு என்று வளர்ந்து முறியும். மேலே வெள்ளைப் பொலித்தீன், பக்கமெல்லாம் நுளம்பு வலைத் துண்டு, இது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டும் முளைத்தால் நல்லதை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள், பிடுங்கினால் மற்றதன் வேரும் சேர்ந்து வரும்.

வாளி 20 லீற்றர். பெயின்ற் வாளியைக் கழுவி எடுத்தால் நல்லது, அடியிலும் அடியை ஒட்டிய பக்கத்திலும் எட்டுப் பத்து ஓட்டை. கிடைக்காவிட்டால் பசளைப் பை, அதே அளவு. வீட்டுக்கு இரண்டு வாளி, கூடுதலாகக் காய்க்கிற ஒன்றின் நிறைதான் கணக்கு, ஒரு கன்றுக்கு எதுவும் நடக்கலாம் என்பதால் இப்படி வைத்தோம். மண்ணுக்கு நான் போடுவது மேல்மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி அல்லது தும்புத்தூள் ஒரு பங்கு. தம்பலகாமம் பக்கம் நெல் ஆலைகளில் உமி கிடைக்கும், மூட்டமாகப் போட்டுக் கரியாக்கிக் கொள்ளலாம். தும்புத்தூள் என்றால் மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசுங்கள், அதில் உப்பு நிற்கும். எங்கள் வளவு மணலை மட்டும் நிரப்பினால் ஊற்றுகிற தண்ணீர் நின்று பார்க்காமல் ஓடிவிடும். கன்னியாப் பக்கச் செம்மண் நல்லது, ஆனால் தனியே போட்டால் இறுகிப்போகும், எருவோடு சேர்த்துப் போடுங்கள்.

நாலு ஐந்து உண்மை இலை (முளையோடு வருகிற இரட்டை இலையை விட்டு எண்ணுவது) வந்ததும், அதாவது 25 நாள் அளவில், பின்னேரத்தில் மாற்றி நடுங்கள். தக்காளிக்கு ஒரு விசேசம் இருக்கிறது, மண்ணுக்குள் போகிற தண்டு முழுவதும் வேர் விடும். ஆகவே கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே உள்ள இலைக்கொத்து மட்டும் தெரியும்படி ஆழமாகப் புதையுங்கள். கத்தரிக்கோ மிளகாய்க்கோ இதைச் செய்ய வேண்டாம். நடும்போதே தடியையும் ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேரில் குத்தும். வாழைநாரால் எட்டுப்போலச் சுற்றி, தண்டுப் பக்கம் தளர்வாகக் கட்டுங்கள்.

பக்கக் கிளை கிள்ளுவதைப் பற்றிப் பலரும் பலதும் சொல்வார்கள். கொடிபோல உயர்ந்துகொண்டே போகிற இனத்துக்குத்தான் அது. திலீன மாதிரிக் குட்டை இனத்தில் முதல் பூங்கொத்துக்குக் கீழே வருகிறதை மட்டும் எடுங்கள், அதற்கு மேலே கிள்ளினால் வரப்போகிற காயைத்தான் கிள்ளுகிறீர்கள். இரண்டாவது வருடம் இரண்டு வீட்டில் காணொளி பார்த்து எல்லாவற்றையும் கிள்ளி, ஒற்றைத் தண்டில் ஐந்து காயோடு நின்றார்கள்.

பசளை. பூ வரும்வரை எரு நீர், ஒரு பங்கு சாணத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு ஊறவைத்து வடித்தது, கிழமைக்கு ஒருமுறை. பூ வந்த பிறகு யூரியாவைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், இலை கருகரு என்று அடர்ந்து பூ குறையும். அந்த நேரம் கன்று கேட்பது பொட்டாசியம், கடையில் விற்கிற எம்ஓபி என்ற பொட்டாஷ் பசளை ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை விட்டால் காணும். இரசாயனம் போடலாமா கூடாதா என்று எங்களுக்குள்ளும் பேச்சு வந்தது. போடலாம், ஆனால் எழுதவேண்டும் என்று முடித்தோம். பூச்சி மருந்து அடித்தால், போத்தலில் எழுதியிருக்கிற நாள் கழியும்வரை பழம் பிடுங்கக்கூடாது. சின்னப் பிள்ளைகள் ருசி பார்க்கிற பழம் இது.

இனிப் பூ. இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள், போட்டியில் வெல்கிறவர் இங்கேதான் வெல்கிறார். தக்காளிப் பூ கீழே பார்த்துத் தொங்கும், நடுவில் மஞ்சள் கூம்பு ஒன்று இருக்கும். அந்தக் கூம்புக்கு உள்ளேதான் மகரந்தம், அதன் நுனித் துளையால்தான் வெளியே வரும். ஒரே பூவுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது, வேறு பூ தேவையில்லை, ஆனால் யாராவது அதை அதிர வைக்கவேண்டும். தேனீ இதற்கு உதவாது. மரத்தைத் துளைக்கிற அந்தக் கருவண்டு இருக்கிறதே, அது பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறக்கையை அடிக்காமல் உடம்பை மட்டும் விர்ர் என்று அதிர வைக்கும், அதுதான் சரியான அதிர்வு. வண்டு வராத விறாந்தையில் அந்த வேலை உங்களுடையது. காலை எட்டு மணியில் இருந்து பத்து மணிக்குள், பனி காய்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பைச் சுட்டுவிரலால் மூன்று நாலு தரம் சுண்டுங்கள். கீழே ஒரு கறுப்புத் துணியையோ கைபேசியின் கறுப்புத் திரையையோ பிடித்துப் பாருங்கள், மஞ்சள் மா மாதிரி மெல்லிதாக விழும். விழுந்தால் சரி. மழை நாளில் ஈரத்துக்கு மகரந்தம் கட்டிபட்டு விழாது, அன்று விட்டுவிட்டு அடுத்த நாள் செய்யுங்கள். மூன்று நாலு நாளில் இதழ் வாடிச் சுருங்கும், அதற்குள் குண்டூசித் தலை அளவு பச்சைக் காய் நிற்கும். காய் பிடிக்காத பூ என்றால் காம்பில் உள்ள முட்டி மஞ்சளாகி அந்த இடத்தோடு கழன்றுவிடும். எங்கள் மூன்றாம் வருடக் கொப்பிகளில், ஒருநாளும் தவறாமல் பூச் சுண்டிய மூன்று வீடும்தான் நிறையில் முதல் மூன்று இடம்.

தண்ணீர் விடியவே விடுங்கள், இலையில் படாமல் வேரடிக்கு. அளவைவிட ஒழுங்குதான் பெரிது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வாளி நிறைய ஊற்றினால் இரண்டு கெடுதல் வரும். ஒன்று, பழம் வெடிக்கும். மற்றது, காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல அமுங்கும், அடியழுகல் என்பது இதுதான். அதைப் பார்த்துவிட்டுப் பூச்சி என்று மருந்து அடிக்க ஓடுகிறார்கள். அது பூச்சியும் இல்லை, தொற்றுநோயும் இல்லை, காயின் நுனிக்குக் கல்சியம் போய்ச் சேரவில்லை. மண்ணில் கல்சியம் இருந்தாலும் தண்ணீரோடுதான் அது ஏறும், தண்ணீர் விட்டு விட்டு வந்தால் நுனி பட்டினி. முட்டைக்கோதை இடித்துப் போட்டால் அது கரைய மாதக்கணக்காகும், இந்த வருடக் காய்க்கு உதவாது. மண்ணுக்கு மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ இரண்டு அங்குலம் மூடுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும்.

தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்பதும் இங்கே பெரிய விசயம். குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், நல்ல தண்ணீர். கடலுக்குக் கிட்ட உள்ள கிணறுகளில் கோடை ஏற ஏற உவர் ஏறும். ஒழுங்கையின் கடற்கரைப் பக்க வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர் கடந்த முறை தன் இரண்டு வாளியில் ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீரும் மற்றதுக்குக் கிணற்றுத் தண்ணீரும் விட்டார். கிணற்று வாளியின் பழம் சின்னது, தோல் தடிப்பு, மொத்த நிறையும் குறைவு, ஆனால் வெட்டி வாயில் வைத்தபோது எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவ்வளவு இனிப்பு. கொஞ்சம் உவர் இருந்தால் வேர் தண்ணீரை இழுக்கச் சிரமப்படும், பழத்துக்குள் தண்ணீர் குறையச் சீனி செறியும். அதற்காக நீங்கள் உப்பைக் கரைத்து ஊற்றாதீர்கள், இலை ஓரம் கருகி அடியழுகலும் கூடும். ஆனால் உங்கள் கிணறு லேசாக உவர் என்றால் கவலைப்படாமல் ருசிப் பரிசுக்கு நில்லுங்கள்.

நோய்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றவை வந்தாலும் பெரும்பாலும் கன்று தப்பும். ஒன்று இலைச்சுருள். நுனி இலை மேல்நோக்கிக் கிண்ணம்போலச் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, கன்று வளராமல் குறண்டி நிற்கும். இது வைரசு, கொண்டுவருவது வெள்ளை ஈ. மருந்து இல்லை. நாற்றுக்கு நுளம்பு வலை கட்டச் சொன்னது இதற்குத்தான், சின்ன வயதில் பிடித்தால் ஒரு காயும் வராது, காய் பிடித்த பிறகு பிடித்தால் அவ்வளவு நட்டம் இல்லை. மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டில் கிறீஸ் பூசிக் கன்றின் உயரத்தில் தொங்கவிடுங்கள், ஈ அதில் ஒட்டும். வேப்பெண்ணெய் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர், கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். சுருண்ட கன்றைப் பாவம் பார்க்காமல் பிடுங்கிப் பையில் கட்டி எரித்துவிடவேண்டும், உங்கள் கன்றில் இருந்துதான் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

மற்றது வாடல். ஒருநாள் விடிய ரீச்சர் படலையில் நின்று கூப்பிட்டார். "தம்பி, நேற்றுப் பின்னேரம் வடிவா நிண்டது, இண்டைக்குப் பாத்தா தொங்கிப்போய் நிக்குது, தண்ணி ஊத்தியும் எழும்பேல்ல, ஒருக்கா வந்து பாரும்." போய்ப் பார்த்தால் இலை பச்சையாகவே இருக்கிறது, மஞ்சள் இல்லை, ஆனால் முழுக் கன்றும் துவண்டுபோய் நிற்கிறது. தண்டை நிலமட்டத்துக்கு மேலே வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் நல்ல தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடித்தோம். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டிய வாயில் இருந்து வெள்ளையாக, ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி, நூல் நூலாக இறங்கியது. அது பக்டீரியா வாடல். நூல் இறங்கினால் அந்தக் கன்றை மறந்துவிடுங்கள், அந்த வாளி மண்ணையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள், வெட்டிய கத்தியைக் கொதிநீரில் போடுங்கள். அந்த மண் பட்ட இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். நூல் இறங்காவிட்டால் பெரும்பாலும் வேர் அழுகல், வாளி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழம் நிறம் மாறத் தொடங்கியதும் நம்மைவிட முதல் அறிகிறது கொண்டைக்குருவியும் அணிலும். கோட்டைப் பக்கத்திலும் கடற்கரையை ஒட்டியும் இருக்கிறவர்களுக்கு மான் வேறு, இரவில் ஒழுங்கைக்குள் வந்து எட்டுகிற உயரத்தில் எதையும் விடாது. எங்கள் ஊர் மான்களை யாரும் கல்லெறிந்து துரத்தவேண்டாம், பழைய மீன் வலை ஒன்றைச் சுற்றிக் கட்டினால் வேலை முடிந்தது, திருக்கடலூர்ப் பக்கம் கேட்டால் கழித்த வலை தருவார்கள். அடிப்பக்கம் வெளிறிச் செம்மை தட்டிய உடனே பிடுங்கி வீட்டுக்குள் நிழலில் பழுக்க வைக்கலாம், ருசி பெரிதாகக் குறையாது. 30 பாகைக்கு மேலே சூடான இடத்தில் பழுத்தால் சிவப்பு ஏறாது, செம்மஞ்சளோடு நின்றுவிடும், பங்குனிப் பழங்கள் வெளிறி வருவது இதனால்தான். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

நிறுக்கிற முறை. ஒழுங்கைக்கு ஒரே தராசு, ஒரு கிராம்வரை காட்டுகிற சமையலறைத் தராசு. அது சரியா என்று பார்க்க, வெறும் போத்தலை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, சரியாக அளந்த ஒரு லீற்றர் தண்ணீரை விடுங்கள், 1000 கிராம் காட்டவேண்டும். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் வேறொரு வீட்டில் இருந்து ஒருவர் வந்து பார்த்துக் கொப்பியில் கையெழுத்து வைக்கவேண்டும். எங்களுக்கு இதில்தான் போட்டியின் நன்மையே கிடைத்தது. நாலு வருடமாகப் படலையோடு நின்று பேசிய வீடுகளுக்குள் இப்போது தேத்தண்ணி குடிக்காமல் வெளியே வரமுடியாது. வெடித்த பழம் கணக்கில் உண்டு, அழுகியது இல்லை, பச்சைக் காய் இல்லவே இல்லை. பச்சைக் காயையும் எண்ணினால் கடைசி நாள் எல்லாரும் கன்றை மொட்டை அடித்துவிடுவார்கள்.

ருசிக்கு மூன்று நடுவர், ஒருவராவது வேறு ஒழுங்கையில் இருந்து வரட்டும், ஒருவர் சின்னப் பிள்ளையாக இருக்கட்டும், பிள்ளைகள் முகத்துக்காகச் சொல்லமாட்டார்கள். வீட்டுக்கு இரண்டு பழம், ஒரே அளவு பழுத்தது, அதே கத்தியால் கீலமாக வெட்டி இலக்கம் ஒட்டிய சோசரில் வையுங்கள். எந்த இலக்கம் எந்த வீடு என்பது வெட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும், அவர் நடுவர் பக்கம் வரக்கூடாது. உப்பும் மிளகும் தொடாமல் சாப்பிட்டு, இடையில் ஒரு மிடறு தண்ணீரும் ஒரு துண்டு மேரி பிஸ்கட்டும். இனிப்புக்கு 10, புளிப்பு இனிப்போடு சேர்ந்து நிற்கிறதா என்பதற்கு 10, தோலும் சதையும் 5. ஒரு தவறை முன்கூட்டியே தவிர்த்துக்கொள்ளுங்கள். நோன்பு இப்போது மாசி பங்குனியில் வருகிறது, எங்கள் ஒழுங்கையில் மூன்று முஸ்லிம் வீடு. முதல் வருடம் பகல் பதினொரு மணிக்கு நாள் குறித்துவிட்டோம், எல்லாரையும்விட அக்கறையாகக் கன்று வளர்த்த நானா ஒரு துண்டும் வாயில் வைக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. இப்போது நோன்பு திறந்த பிறகுதான் ருசி பார்ப்பது, ராத்தா காய்ச்சுகிற கஞ்சி முதலில், தக்காளி பிறகு.

பரிசுக்குக் காசு வைக்காதீர்கள். நிறைக்கு ஒரு பூவாளி, ருசிக்கு ஒரு பை உமிக்கரி, கொப்பிக்கு ஒரு நல்ல பேனை, நாங்கள் வைப்பது இவைதான். கொப்பிப் பரிசு கட்டாயம் வையுங்கள், கன்று செத்த வீட்டுக்காரரும் ஏன் செத்தது என்று எழுதி வெல்லலாம், ஒருமுறை வாடலைப் பற்றி ரீச்சர் எழுதிய கொப்பிப் பக்கங்கள்தான் வென்றன. மிச்சப் பழம் எல்லாம் ஒரே சட்டிக்கு. சூடை மீனும் தக்காளியும் புளி குறைத்துப் போட்ட குழம்பு, மரக்கறிக்காரருக்குத் தக்காளிச் சொதி.

அதற்குப் பிறகு இரண்டு வேலை இருக்கிறது. கலப்பினம் இல்லாத விதை என்றால், இலைச்சுருள் தொடாத கன்றின் நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையும் சாறுமாக ஒரு கோப்பையில் இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். மேலே வெள்ளைப் படலம் கட்டும், மணக்கும், அதுதான் வேண்டும், விதையைச் சுற்றியிருக்கிற வழுவழுப்பு அப்போதுதான் கழரும். அரித்துக் கழுவி, பீங்கானில் பரவி நிழலில் காயவையுங்கள், கடதாசியில் பரவினால் ஒட்டிக்கொள்ளும். சின்னக் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்தால் மூன்று வருடமும் முளைக்கும், போத்தலில் இனமும் வருடமும் எழுதி ஒட்டுங்கள். நோய் வராத வாளி மண்ணைக் கொட்டி, புதிதாக எருக் கலந்து, கீரையோ பயிற்றையோ போடுங்கள், ஒரு போகமாவது தக்காளிச் சாதி அதில் வேண்டாம். எங்கள் ஒழுங்கையின் போத்தல் இப்போது ரீச்சர் வீட்டில் இருக்கிறது, தீபாவளி கழிந்து நானா போய் எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்கு எட்டு விதை எண்ணிக் கொடுப்பார்.